அரைமணி நேரம் வெளியே நின்றும் ஒன்றுக்குப் போகாத நாய்க்குட்டி, உள்ளே வந்ததும் கால்மிதியில் போவது ஏன்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். குட்டிக்கு ஒன்பது வாரம். ஜாக் ரஸ்ஸல் என்ற சின்ன ஜாதி நாயின் கலப்பு, பெயர் டைகர். டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் தெரிந்தவர் வீட்டு கராஜில், பழைய போர்வை விரித்த ஒரு மூலையில் பிறந்து வளர்ந்தது. இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. ராத்திரியெல்லாம் அழுகிறது. தோட்டத்தில் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தாலும் ஒன்றுக்குப் போவதில்லை. உள்ளே விட்ட மறுநிமிடம் பூஜை அறை வாசலில் கிடக்கும் கால்மிதியில் போய்விடுகிறது. அதுவும் புரட்டாசி மாதத்தில். மாமியார் பேப்பரைச் சுருட்டி இரண்டு தட்டு தட்டுகிறார், மூக்கை ஈரத்தில் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிறகு எப்படி வெளியே போகப் பழக்குவது என்றும் கேட்டிருக்கிறார். கேள்விகள் நாலைந்து இருந்தாலும் நடுவில் நிற்பது ஒன்றுதான்: இந்தக் குட்டி வேண்டுமென்றே செய்கிறதா, இது பிடிவாதமா?

இல்லை. உங்கள் குட்டி ஏற்கெனவே நன்றாகப் பழகிய குட்டி. துணியில் போக வேண்டும் என்று பழகியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது புதிதாகக் கற்றுக்கொடுப்பதல்ல, கற்றதை மாற்றுவது. அது கொஞ்சம் வேறு வேலை. இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரைகள் உங்கள் வீட்டில் எடுபடாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. கல்யாணமாகி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் குட்டிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் டைகரை நான் பார்த்ததில்லை. அதனால் நோய் பற்றி வரும் இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. பழக்கம் பற்றி மட்டும் கொஞ்சம் உறுதியாகப் பேசுகிறேன்.

பிறந்த புதிதில் நாய்க்குட்டியால் தானாக ஒன்றுக்குக்கூடப் போக முடியாது. தாய் நாக்கால் நக்கித் தூண்டிவிட்டால்தான் போகும். சுமார் மூன்று வாரமானதும் குட்டி தள்ளாடி நடந்து, தூங்கும் இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் ஒன்றுக்கு இருக்கத் தொடங்கும். படுக்கையை அசுத்தம் பண்ணக்கூடாது என்பது அதற்கு யாரும் சொல்லித் தராமலே வருவது. அங்கிருந்து எட்டு ஒன்பது வாரத்துக்குள் இன்னொன்றும் நடக்கிறது. பாதத்துக்கு அடியில் எந்தத் தரை இருக்கும்போது திரும்பத் திரும்பப் போனதோ, அந்தத் தரைதான் கழிப்பிடம் என்று குட்டிக்குப் பதிந்துவிடும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். சிமெண்டில் வளர்ந்ததற்கு வீட்டுக்குள் இருக்கும் டைல்ஸும் ஒன்றுதான், அது இன்னும் பெரிய தலைவலி. டைகர் அந்தக் கராஜில் போர்வையின் ஓரத்தில் போய்ப் போய்ப் பழகியது. உங்கள் வீட்டில் அந்தப் போர்வைக்குக் கிட்டத்தட்ட ஒப்பான பொருள் எது? மெத்தென்று, ஈரத்தை இழுத்துக்கொள்ளும் கால்மிதி. அது பூஜை அறை வாசலில் கிடப்பது தற்செயல். குளியலறை வாசலில் கிடந்திருந்தால் அங்கே போயிருக்கும், வீட்டில் யாரும் இவ்வளவு வருத்தப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, இன்றைக்கே வீட்டில் உள்ள எல்லாக் கால்மிதிகளையும் சின்ன விரிப்புகளையும் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குத் தரை வெறுமையாக இருக்கட்டும். குட்டி ஒன்றுக்குப் போவதற்கென்று கடையில் விற்கும் மெத்தென்ற விரிப்பு, பீ பேட், வேண்டாம். மற்ற குட்டிகளுக்கு அது உதவலாம். உங்கள் குட்டிக்கு அது துணியில் போகும் பழக்கத்தை இன்னும் ஊட்டி வளர்க்கும். யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால் காருக்குள் விரிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அரைமணி நேரப் புதிர். இதற்கு இரண்டு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, ஒன்பது வாரக் குட்டிக்கு நம்மூர்த் தோட்டம் ஒரு கலவரம். காலையில் ஹடீடாப் பறவைகள் கூரைமேல் உட்கார்ந்து அலறும். சுவர்மேல் வெர்வெட் குரங்குக் கூட்டம் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கும். பக்கத்து வீட்டு நாய் கேட்டுக்கு அடியில் மூக்கை நீட்டும். பயமோ ஆச்சரியமோ இருக்கும்போது குட்டி அடக்கிக்கொள்ளும். உள்ளே வந்ததும் உடம்பு தளரும், அடக்கியதும் அவிழும். இரண்டாவது காரணம் அந்தப் பேப்பர். உள்ளே ஒன்றுக்குப் போகும்போது அடி வாங்கிய குட்டி "வீட்டுக்குள் போகக்கூடாது" என்று புரிந்துகொள்வதில்லை. "மனிதர்கள் பார்க்கும்போது போகக்கூடாது" என்றுதான் புரிந்துகொள்ளும். அதனால்தான் நீங்கள் தோட்டத்தில் எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது போகாது. நீங்கள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நொடியில் போகும். தொடர்ந்து அடித்தால் சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பிக்கும். அப்படி ஒளிந்து போகும் குட்டியைத் திருத்த இன்னும் அதிக நேரம் பிடிக்கிறது.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். அவர் சொல்வது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான், கெட்ட எண்ணம் இல்லை. "அது தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்று கட்டாயம் சொல்வார். காதை மடக்கிக்கொண்டு, கண்ணைத் திருப்பிக்கொண்டு நிற்கும் அந்த முகம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொன்ன தீனியை நாய் தின்றதோ இல்லையோ, எசமானர் திட்டியபோது அந்த முகம் வந்தது. திட்டாதபோது அவ்வளவாக வரவில்லை. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ஆக அந்த முகம் நாய் தப்பு செய்ததைக் காட்டுவதில்லை, நம் திட்டுக்கு வரும் பதில். இது ஊகமாகச் சொல்லும் விஷயமில்லை, அளந்து பார்த்தது.

இப்போது புல்லுக்கு வருவோம். வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை இது, உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். நர்சரியில் கிகுயூ புல்லைக் கம்பளம் மாதிரி வெட்டி விற்பார்கள். ஒரு துண்டு வாங்குங்கள். குட்டி ஏறித் திரும்பும் அளவுக்கு அகலமான, விளிம்பு தாழ்ந்த ஒரு பிளாஸ்டிக் டிரேயில் அதை விரித்து, அடியில் நாலைந்து துளை போடுங்கள். சமையலறைப் பின்வாசலில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேல்படியில் வையுங்கள். குட்டி நனைத்த பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் அந்தப் புல்லின்மேல் போடுங்கள். ஆமாம், நாற்றமடிக்கும் துணியேதான். குட்டிக்குத் தெரிந்த கழிப்பிடம் அந்தத் துணி. அதைப் புல்லின்மேல் கொண்டுவந்துவிட்டோம். அது இரண்டு நாள் ஒழுங்காக அங்கே போனால் துணியைப் பாதியாகக் கத்தரியுங்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து அதில் பாதி. கடைசியில் கைக்குட்டை அளவுத் துணி, பிறகு வெறும் புல். நடுவில் எப்போதாவது திணறினால் ஒரு படி பின்னால் போய் முந்தைய அளவுத் துணியைப் போடுங்கள். டிரேயிலிருந்து தோட்டத்துப் புல்லுக்கு மாறுவது அப்புறம் பெரிய விஷயமில்லை, பாதத்துக்கு அடியில் அதே புல்தானே.

டிரேயைப் பின்வாசலில் வைக்கச் சொல்வதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பகலில் நீங்களும் கணவரும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், மாமியாருக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரால் பின்வாசல் வரை நடக்க முடியும். இன்னொன்று ராத்திரி. இந்த நாட்டில் இரவு இரண்டு மணிக்கு அலார்மை அணைத்து, மூன்று பூட்டைத் திறந்து, இருட்டில் தோட்டத்தில் நின்று "போடா, போடா" என்று கெஞ்ச யாருக்கும் மனசு வராது. வரவும் வேண்டாம். மரத்தடி, புல்வெளி என்று எழுதும் வெளிநாட்டு வலைத்தளங்களுக்கு இந்தக் கவலை தெரியாது.

எப்போது கொண்டுபோவது? தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு முடித்து ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள், விளையாட்டு நடுவில், விருந்தாளி வந்த பரபரப்புக்குப் பிறகு, தூங்கப் போகுமுன். இது தவிர விழித்திருக்கும் நேரத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவது எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொது, குட்டிக்கு அது இன்னும் வேகம். அதனால் சாப்பாட்டை நாள் முழுக்க வைக்காமல் மூன்று நான்கு வேளையாக நேரம் தவறாமல் வைத்தால், இரண்டுக்குப் போவதும் கடிகாரம்போல வந்துவிடும். "எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தூங்கும் குட்டிக்கு ஓரளவு பொருந்தலாம். ஓடியாடும் குட்டிக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கை நம்பி மூன்று மணி நேரம் விட்டுவைக்காதீர்கள்.

கொண்டுபோகும்போது கழுத்தில் மெல்லிய வார் போட்டு, கையில் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிட்டால் வழியிலேயே முடித்துவிடும். டிரேயிலோ புல்லிலோ இறக்கிவிட்டு மரம்போல நில்லுங்கள். பேசாதீர்கள், அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், அரைப்பக்கமாகத் திரும்பி நில்லுங்கள். முதலில் உங்கள் செருப்பைக் கடிக்கும், ஓர் எறும்பைப் பார்க்கும், வாரைக் கவ்வும். சுவாரசியம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூக்கு தரையோடு ஒட்டும். மோப்பம் பிடிக்கும் சத்தம் மாறும், குட்டிக் குட்டி உறிஞ்சலாக வேகமெடுக்கும். ஒரே இடத்தைச் சுற்றி ஒரு வட்டம், இன்னொரு சின்ன வட்டம், பின்கால் மடங்கும். அப்போது மெதுவாக ஒரு தடவை "உச்சா" என்று சொல்லுங்கள். முடித்து நிமிர்கிற அந்த நொடியில், நின்ற இடத்திலேயே, வாயில் ஒரு துண்டு தீனி. உள்ளே கூட்டிவந்து சமையலறையில் கொடுத்தால் அது உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசாகிவிடும். வீட்டில் எல்லாரும் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லட்டும், வேலைக்கு வரும் அக்கா உட்பட.

ஐந்து நிமிடத்தில் போகவில்லையா? அரைமணி நிற்க வேண்டாம், உள்ளே தூக்கி வந்துவிடுங்கள். ஆனால் தரையில் விடாதீர்கள். பட்ட பாடெல்லாம் வீணாவது இந்த இடத்தில்தான். போகாமல் திரும்பிய குட்டி, நிறைந்த பையோடு வந்திருக்கிறது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதன் கூண்டில் விடுங்கள், அல்லது வாரை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு காய் நறுக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி டிரே. இரண்டாவது தடவை பெரும்பாலும் போய்விடும். போன பிறகு மட்டும் அரைமணி நேரம் சுதந்திரமாக அறையில் விளையாட விடுங்கள். அப்போதும் ஓர் அறைதான், வீடு முழுக்க இல்லை. கண் பார்வையில் வைத்துக்கொள்ள முடியாத நேரத்தில் கூண்டு அல்லது தடுப்பு வைத்த மூலை. கூண்டு அது எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் போகும். தண்டனைக்கு ஒருநாளும் அதில் அடைக்காதீர்கள். டைகருக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை: கூண்டுக்குள் மெத்தென்ற போர்வை போட்டால் அதையும் நனைக்கலாம். நனைத்தால் சில வாரம் வெறும் ரப்பர் பாய் போடுங்கள், இந்தப் பருவத்தில் குளிராது.

உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது பார்த்துவிட்டால் ஒரு கைதட்டு, தூக்கிக்கொண்டு டிரேக்கு ஓட்டம், மீதியை அங்கே முடித்தால் பரிசு. போய் முடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் செய்யாதீர்கள், துடைப்பதைத் தவிர. துடைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் மூக்குக்கு நாற்றம் போனது போதாது, அதன் மூக்குக்குப் போக வேண்டும். அம்மோனியா கலந்த தரைத் திரவம் கூடாது. மூத்திரத்திலும் அந்த வாடைதான், இன்னொரு தடவை வா என்று கூப்பிடுவது போலாகும். ஜிக் என்ற பிளீச்சை நேரே மூத்திரத்தின்மேல் ஊற்றக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். முதலில் பேப்பரால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுத் துடைத்து, பிறகு வளர்ப்புப் பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். பூஜை அறை வாசலை இன்றைக்கு ஒருமுறை இப்படி நன்றாகச் செய்துவிட்டு, அந்தப் பக்கம் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று போட்டுவிடுங்கள். குட்டி கட்டாயம் உள்ளே போகக்கூடாததற்கு வேறொரு காரணமும் உண்டு: கற்பூரம் நாய்க்கு விஷம். கீழ்த்தட்டில் டப்பா இருந்தால் மேலே ஏற்றுங்கள்.

புரட்டாசியில் வீட்டுக்குள் அசைவம் வரக்கூடாது, பிறகு பரிசுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இது நல்ல கேள்வி, இங்கே பல வீடுகளில் வரும் கேள்வி. கடுகளவு சீஸ் போதும், வேகவைத்த கேரட், பூசணித் துண்டு, இல்லை அதன் வேளைச் சாப்பாட்டிலிருந்தே எடுத்த நாலு பெல்லட், அதாவது உலர் நாய்த்தீனி உருண்டை. சின்ன டப்பாவில் போட்டுப் பின்வாசல் ஆணியில் மாட்டிவிடுங்கள், அப்போதுதான் அந்த நொடியில் கைக்கு வரும். பீநட் பட்டர் கொடுப்பதானால் சைலிட்டால் என்ற இனிப்பு சேராததாகப் பாருங்கள். அது நாய்க்கு மிகவும் ஆபத்து. ஆனால் பெல்லட்டை நிறுத்திவிட்டு மாதம் முழுக்கத் தயிர்சாதம் போடுவது என்ற யோசனை இருந்தால், வேண்டாம். வளரும் குட்டிக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் சரிவரக் கிடைக்காது. பெல்லட் மூட்டையைக் கராஜில் வைத்து அங்கேயே கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள், அது அழகான சமாதானம். பாசத்தில் கிண்ணம் நிறையப் பால் வைப்பதையும் விடுங்கள். பல குட்டிகளுக்குப் பால் வயிற்றைக் கலக்கும், இளகிப் போகும் குட்டியை எந்த முறையாலும் பழக்க முடியாது. சாம்பார், குழம்பு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சர்க்கரைப் பொங்கலில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரசாதம்தானே, ஒரு வாய் என்று யாராவது நீட்டுவார்கள், அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி அழுகை. தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் ஒட்டிக்கிடந்த உயிர் திடீரென்று தனி அறையில். அழாமல் என்ன செய்யும்? கதவை மூடிவிட்டு அழவிட்டால் தானாக அடங்கும் என்பது பழைய அறிவுரை. அடங்குவது உண்மைதான். ஆனால் அது பழகியதால் அடங்குகிறதா, களைத்ததால் அடங்குகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வகுப்புக்கு வரும் குட்டிகளில், முதல் வாரங்களில் மனிதர் பக்கத்தில் தூங்கியவை பின்னால் தனியே இருக்கவும் சீக்கிரம் பழகுவதைத்தான் பார்த்திருக்கிறேன். கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து வாசல் பக்கம், அப்புறம் கூடத்துக்கு என்று நகர்த்தலாம். டிக்டிக் கடிகாரம், வெந்நீர்ப் புட்டி, மணம் வீசும் பிளக் எல்லாம் விற்கிறார்கள். சில குட்டிகளுக்கு உதவும், பலதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காசு மிச்சம் இருந்தால் வாங்குங்கள்.

அழுகையிலும் இரண்டு வகை உண்டு, அதைப் பிரிக்கத் தெரிந்தால் பாதி இரவு தூங்கலாம். விளக்கணைத்த உடனே தொடங்கும் அழுகை தனிமை. கம்பி வழியே விரலை நீட்டுங்கள், பேச வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அடங்கும். மூன்று நான்கு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு நடுவில் எழுந்து முனகிப் புரண்டால், அது டிரேக்குப் போக வேண்டும் என்கிறது. விளக்கைப் பெரிதாகப் போடாமல் தூக்கிக்கொண்டு போய், போனதும் பரிசு கொடுத்து, விளையாட்டு எதுவும் இல்லாமல் திரும்பப் படுக்கையில் போடுங்கள். இந்த வயதில் இரவில் ஒன்றிரண்டு தடவை சாதாரணம். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், டர்பன் வெக்கையில் குட்டி சீக்கிரம் வாடிவிடும்.

தடுப்பூசி விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னது சரி. குட்டிகளுக்கு வாந்தி பேதியைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தெருவோரப் புல்லில் எந்த நாய் போனது என்று நமக்குத் தெரியாது. குட்டிக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையையும் தடுக்கும். அது எப்போது தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி பதினாறு வாரத்துக்குப் பிறகு விழும்படி பார்க்கிறார்கள். ஆனால் தெருவும் உங்கள் சுவருக்குள் இருக்கும் தோட்டமும் ஒன்றல்ல. சமீபத்தில் அங்கே நோய்ப்பட்ட நாய் இருந்ததில்லை, வெளி நாய் வருவதில்லை என்றால் தோட்டத்துப் புல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முன்பு அந்த வீட்டில் நாய் இருந்து வாந்தி பேதியில் செத்தது என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், டிரேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினாறு வாரம் வரை உலகத்தையே காட்டாமல் வைப்பதும் தப்பு. மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைதான் குட்டி புது ஆட்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கும் காலம். தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போங்கள், காரில் உட்கார்ந்து பஸ், டாக்ஸி, பள்ளிக்கூடம் விடும் கூட்டம் எல்லாம் பார்க்கட்டும், தரையில் மட்டும் இறக்காதீர்கள். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம், முதல் ஊசி போட்டு ஒரு வாரமானால் சுத்தமான குட்டி வகுப்புக்கு அனுப்பலாம் என்றே சொல்கிறது.

ரேபிஸ் என்ற வெறிநாய் நோய்க்கான ஊசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தெருநாய், வீட்டுநாய் இரண்டிலும் ரேபிஸ் பல காலமாக இருக்கிறது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது என்பது இந்த நாட்டில் சட்டம். அதற்குள் டைகரை வேறு நாய் கடித்தாலோ, குட்டியே திடீரென்று குரல் மாறி, எச்சில் வடித்து, வித்தியாசமாக நடந்தாலோ காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளின் கையை அது விளையாட்டாகக் கவ்வுவது வேறு. ஆனால் பல் பட்டுத் தோல் கீறிவிட்டால், இன்னும் ரேபிஸ் ஊசி போடாத குட்டி என்று சொல்லி கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். தெரியாத நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ கால் மணி நேரம் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பழக்கம் என்று நினைத்து நோயைத் தவறவிடுவதும் நடக்கும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் மூத்திரப்பை அழற்சியாக இருக்கலாம், பெண் குட்டிகளில் இது அதிகம். மூத்திரம் சிவந்தோ காபி நிறத்திலோ வந்தால், ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் பில்லியரி, அதாவது உண்ணி கடித்து வரும் ரத்த நோய். அன்றைக்கே ஓட வேண்டும். வாந்தியும் ரத்தப் பேதியும் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அப்புறம், நீங்கள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது வாலை ஆட்டிக்கொண்டே நாலு சொட்டு விடுவது சந்தோஷத்தில் வருவது. அதற்குத் திட்டினால் கூடும். குனியாமல், கொஞ்சாமல் நேரே பின்வாசலுக்கு நடந்து போங்கள், அங்கே கொஞ்சுங்கள். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும்.

எத்தனை நாள் ஆகும்? ஒழுங்காகச் செய்தால் மூன்று நாலு வாரத்தில் தப்புகள் நன்றாகக் குறையும். முழுக்க நம்பி வீட்டைத் திறந்துவிட ஆறு மாதம்கூட ஆகலாம், சின்ன ஜாதி நாய்களுக்கு இன்னும் தாமதமாகும். பகலில் யார் குட்டியோடு இருக்கிறாரோ அவர்தான் இதன் வாத்தியார், உங்கள் வீட்டில் அது மாமியார். அந்தப் பரிசு டப்பாவை அவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். கையில் தீனி வைத்திருப்பவரைச் சுற்றி டைகர் ஓடத் தொடங்கிவிட்டால், பேப்பர் தானாகப் பழைய பேப்பர்க் கட்டுக்குப் போய்ச் சேரும். இது பல வீட்டில் நான் பார்த்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. புரட்டாசி முடிந்தால் தீபாவளி, அதையொட்டி நவம்பர் 5 கை ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் வழிவந்த பட்டாசு நாள், இரண்டிலும் சாட்ஸ்வொர்த் முழுக்க வெடி. அதற்குள் கைப்பேசியில் பட்டாசுச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, சாப்பாடு வைக்கும்போது கேட்க வையுங்கள். பயந்தால் ஒலியைக் குறையுங்கள், பயப்படாவிட்டால் சில நாளுக்கு ஒருமுறை ஒரு கோடு ஏற்றுங்கள். அன்றைக்கு இருட்டுமுன்பே சாப்பாடும் டிரேயும் முடிந்திருக்க வேண்டும், இரவில் வெளியே போகவே மறுக்கும். உள்ளே தப்பு நடந்தால் அன்றைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். திரை போட்ட அறையில் யாராவது ஒருவர் கூட இருங்கள், கொஞ்சினால் பயம் கூடிவிடும் என்பது பொய். கேட்டையும் பின்வாசல் கம்பிக் கதவையும் இரண்டு தடவை பாருங்கள், கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் மறுநாள் காலையில் தெருவில் அலையும் நாய்களை எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நலச் சங்கத்துக்குக் கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் போட உங்கள் டாக்டரிடம் அடுத்த ஊசியின்போதே கேட்டுவிடுங்கள்.